தனி ரூம், தனி மனசு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வேலைக்காகச் சென்னைக்கு வந்து வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ ஒரு பிஜியில் கட்டில் எடுத்திருக்கிறீர்கள். இல்லையென்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம், பல்லாவரம் பக்கம் ஒரு சிங்கிள் பெட்ரூம். வாரம் முழுக்கத் தனிமை தெரியாது. ஆபீஸும் டிராஃபிக்கும் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு மதியம் மெஸ் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு மேல்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து வேலையும் போயிருந்தால், காதல் முறிந்திருந்தால், ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால், கேட்கவே வேண்டாம்.

உங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருக்கிறது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர் போட்டுவிட்டன. நம் ஊரில் இன்னும் “கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்” என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

தனிமை மெல்லத்தான் தின்னும். அதிலிருந்து தப்பிக்க ராத்திரி பதினொன்றரைக்குச் செய்கிற காரியம் ஒரே நாளில் கவிழ்த்துவிடும். ஆன்லைன் காதலில் சேமிப்பு முழுவதையும் விட்டவர்கள், பேச ஆள் வேண்டும் என்பதற்காகவே ஆகாத ஒருவரைக் கட்டிக்கொண்டவர்கள், வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மாதக்கணக்கில் லேப்டாப் பையோடு கிளம்பியவர்கள் என்று பார்த்தாயிற்று. அதனால் இந்த இரண்டு பட்டியல். முழுவதையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதல் வரியை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அம்மா போனில் கேட்டால் “நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன்” என்பீர்கள். அது இருக்கட்டும்; அம்மாவுக்கு பிபி ஏற்ற வேண்டாம். ஆனால் உங்கள் நிலைமை முழுதாகத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். காலேஜ் சீனியர், சித்தி மகள், பழைய ரூம்மேட், யாராக இருந்தாலும் சரி. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படி ஆரம்பியுங்கள்: “ஒரு பத்து நிமிஷம் பேசணும். ஐடியா எதுவும் வேணாம், கேட்டா போதும்.” இப்படிக் கேட்டவருக்கு மறுப்புச் சொல்கிறவர் குறைவு.

• மெசேஜ் தட்டாதீர்கள், போன் பண்ணுங்கள். “என்ன மச்சான், எப்படி இருக்க?” என்று டைப் செய்தால் ஒரு தம்ஸ்-அப் வரும், அதோடு முடியும். குரல் கேட்டால் அவருக்கே தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று.

• வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடத்துக்குப் போங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். நகரத்தில் நண்பர் கிடைக்காததற்குக் காரணம் உங்கள் கூச்ச சுபாவம் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற வாய்ப்பு இல்லாததுதான். பள்ளியிலும் கல்லூரியிலும் அந்த வாய்ப்பு சும்மா கிடைத்தது, அதனால் மதிப்புத் தெரியவில்லை. அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்காகவே சொல்கிறது: முகப்பழக்கம் சாதாரண நட்பாக மாற சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். ஒரு மீட்-அப்புக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு “யாரும் செட் ஆகலை” என்று திரும்புவது எப்படி நியாயம்?

ஆகவே இடத்தைப் பிடியுங்கள். மயிலாப்பூர் லஸ் பக்கம் இருந்தால் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை வாக்கிங். பெசன்ட் நகர் பக்கம் இருந்தால் எலியட்ஸ் பீச். பாட்மிண்டன் கோர்ட், சிலம்பம் கிளாஸ், சர்ச் பாடகர் குழு, ஆதரவற்றோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி. கையில் காசு இல்லாத மாதத்தில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவே அங்கே தனிப் பகுதி இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வருகிறார்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் துணைதான். முதல் மூன்று வாரம் அசட்டுத்தனமாகத் தோன்றும். நான்காவது வாரம் யாராவது “போன வாரம் காணோமே” என்று கேட்பதற்காகவாவது ஒரு வாரம் லீவு போட்டுப் பாருங்கள்.

• தினமும் பார்க்கிறவர்களிடம் பேர் கேளுங்கள். டீக்கடை அண்ணன், தண்ணி கேன் போடுகிற தம்பி, இஸ்திரி வண்டி அக்கா, கீழே செக்யூரிட்டி ஐயா. உங்கள் பேரையும் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கரண்ட் போய், சிக்னல் போய், வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடர்கிற யாருக்கும் உங்கள் கதி தெரிய வழியில்லை. பால் பாக்கெட்டை மாடிக்கு ஏற்றியது தெருக்காரர்கள். மூன்றாவது மாடியில் ஒரு பையன் இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்திருந்தால்தானே பால் மேலே வரும்?

• பக்கத்து ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மகன் நியூ ஜெர்சியில், மகள் சிங்கப்பூரில், இவர் மட்டும் இங்கே. போனில் ஃபான்ட் பெரிதாக்கிக் கொடுங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் ஒரு காபி கிடைக்கும், சுடச்சுட.

• கஷ்ட நேரத்தில் அன்பானவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சினிமா வசனம் மாதிரி இருக்கிறதா? ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, “கணுக்காலில் இப்போது ஷாக் வரலாம்” என்று எச்சரித்தார்கள். சில சமயம் தனியாக. சில சமயம் முகம் தெரியாத ஒருவர் கையைப் பிடித்திருக்க. சில சமயம் கணவர் பிடித்திருக்க. அந்நியர் கையே கொஞ்சம் உதவியது. கணவர் கை நன்றாகவே உதவியது, மூளையில் பயத்தின் பரபரப்பு தணிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தாம்பத்தியம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு ஆறுதல். கை மட்டும் போதாது, அந்தக் கைக்குப் பின்னால் நம்பிக்கை இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், இன்டர்வியூ ரிசல்ட் வருகிற காலையில், வெட்கப்படாமல் கேளுங்கள்: “கொஞ்சம் பக்கத்துல உக்காரு.”

• வேலை போனால், அதே வாரம் துணையிடம் சொல்லுங்கள். தி. நகர் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிற நாடகம் வேண்டாம். பணம் போனதை மன்னிக்கிறவர்கள்கூட, மறைத்ததை மன்னிக்கச் சிரமப்படுகிறார்கள். சொல்லும்போது புலம்பலோடு ஒரு பேப்பரையும் கொண்டுபோங்கள்: கையில் எவ்வளவு இருக்கிறது, வாடகை எவ்வளவு, இஎம்ஐ எந்தத் தேதி, நோட்டீஸ் பீரியட் சம்பளம் எப்போது வரும், ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எந்த நாளோடு முடிகிறது. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவையும் அதில் சேர்த்திருந்தால் வேறு பாலிசி பார்க்க வேண்டியிருக்கும். கணக்கு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும். மீதிப் பாதிக்குத்தான் அன்பு தேவைப்படும்.

• கஷ்டத்தில் இருப்பது உங்கள் துணை என்றால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். “நான் கேட்டுக்கவா, இல்ல ஏதாவது பண்ணவா?” ஆண்கள் பெரும்பாலும் கேட்காமலே தீர்வு சொல்ல ஆரம்பித்து அடி வாங்குகிறார்கள்.

• ஆறுதலைக் காரியமாகச் செய்யுங்கள். ரசம் வைத்துக் கொண்டுபோங்கள், இபி பில் கட்டுங்கள், மலையாகக் கிடக்கும் துணியை மெஷினில் போடுங்கள். துக்கத்தில் இருப்பவருக்கு யோசனை ஓடாது. அவரைத் திட்டம் போடச் சொல்லாமல் நீங்களே போய் நில்லுங்கள்.

• ஆப்பில் பழகியவரைச் சீக்கிரம் நேரில் பாருங்கள். பகலில், பொது இடத்தில், உங்கள் சொந்த வண்டியிலோ பஸ்ஸிலோ போய். தோழிக்கோ நண்பனுக்கோ லைவ் லொகேஷன் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பில்லை நீங்களே கட்டுங்கள். மூன்று மாதம் சாட்டிலேயே பழகினால், எதிரில் இருப்பவரைவிட உங்கள் கற்பனையைத்தான் காதலிக்க ஆரம்பித்திருப்பீர்கள். வீடியோ கால் போதாதா என்றால் போதாது. முகத்தை மாற்றிக்காட்டும் டெக்னாலஜி வந்துவிட்டது.

• சாப்பாடு, தூக்கம், வெயில், மூன்றையும் விடாதீர்கள். மூன்று நாள் பரோட்டாவும் நான்கு மணித் தூக்கமும் என்றால் யாருக்கும் உலகம் இருட்டாகத்தான் தெரியும்.

• வீடு தேடும் பெண்கள், அரசின் தோழி விடுதிகளையும் ஒரு தடவை பாருங்கள். தனி வீட்டுக்குச் செலவழிக்கிற பணம் மிச்சமாகும், சாயங்காலம் பேச ஆள் இருக்கும்.

• இந்த எண்களை இப்போதே போனில் சேவ் செய்யுங்கள். மனசு தாங்காதபோது 14416: மத்திய அரசின் டெலி மனஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. பணம் ஏமாந்தால் 1930. பெண்களுக்கு 181. உயிருக்கு ஆபத்து என்றால் 112. தேவைப்படுகிற நேரத்தில் கூகுளில் தேட விரல் ஓடாது.

செய்யக்கூடாதவை

• நேரில் பார்க்காத காதலருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நிறையப் பேர் விழுவது இந்தக் குழியில்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரிலிருந்து “ஹாய், ரம்யாதானே?” என்று ஒரு மெசேஜ் வரும். “ராங் நம்பர்” என்பீர்கள். “சாரி, ஆனா நீங்க ரொம்ப மரியாதையா பதில் சொன்னீங்க” என்று பேச்சு வளரும். சில வாரங்களுக்குப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. காலையில் குட் மார்னிங், மதியம் சாப்பிட்டீர்களா, ராத்திரி உங்கள் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்பது. உங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அதுதான் அவர்களுக்கு முதலீடு. அப்புறம் ஒரு டிரேடிங் ஆப், “மாமா சொல்லித் தந்தது.” பத்தாயிரம் போட்டால் பன்னிரண்டாயிரமாக எடுக்கவும் விடுவார்கள்; நம்பிக்கைக்கு. பிறகு நீங்கள் பிஎஃப் பணத்தைப் போடுவீர்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்ததைப் போடுவீர்கள். ஸ்கிரீனில் முப்பது லட்சம் காட்டும். எடுக்கப் போனால் “டாக்ஸ் கட்டணும்.” அந்த டாக்ஸுக்கு முடிவே கிடையாது.

இதன் பழைய வடிவமும் இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டு டாக்டர் கிஃப்ட் அனுப்புவார், அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ளும், விடுவிக்க நீங்கள் பணம் கட்ட வேண்டும்.

அந்தப் பக்கம் இனிக்க இனிக்க டைப் செய்கிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களே மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்துவைக்கப்பட்டு, இந்த மாதிரி மோசடி வேலைக்கு மிரட்டப்பட்டார்கள். 2022 அக்டோபரில் சிலர் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். உங்களிடம் “சாப்டீங்களா?” என்று கேட்டது, உங்கள் பக்கத்து ஊர்ப் பையனாகவே இருந்திருக்கலாம், அடிக்குப் பயந்து.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சாட்டை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்க” என்று வருகிறவனும் பெரும்பாலும் அதே கும்பல்தான்.

• வீடியோ காலில் உடை கழற்றாதீர்கள், யார் கெஞ்சினாலும். ரெக்கார்ட் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் வந்துவிட்டால் பணம் கட்டாதீர்கள். ஒரு தடவை கட்டினால் தொகை ஏறும், கும்பல் போகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிளாக் செய்து, சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

• ராத்திரி பதினொன்றுக்கு மேல் பெரிய முடிவு எடுக்காதீர்கள். ரிசைன் மெயில், பிரேக்-அப் மெசேஜ், கடன், கல்யாண சம்மதம், நாலும் காலையில் காபி குடித்த பிறகும் சரியென்று தோன்றினால் செய்யுங்கள்.

• பழைய காதலருக்கு “ஒரே ஒரு மெசேஜ்” அனுப்பாதீர்கள். ஒன்றோடு நின்றதாக வரலாறு இல்லை. ப்ளூ டிக் வந்து பதில் வராவிட்டால் அந்த வாரம் முழுக்கப் போச்சு.

• காதலுக்காக லோன் ஆப்பில் கடன் வாங்காதீர்கள். அவை கேட்பது ஆதார் மட்டும் இல்லை. உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டும் கேலரியும். தவணை தப்பினால் உங்கள் மேனேஜருக்கும் மாமாவுக்கும் போன் போகும். காதலர் தினத்துக்கு ஐபோன் கேட்கிறவருக்கு உங்கள் சம்பளம் எவ்வளவு என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

• ஒரே ஆள் தலையில் எல்லா பாரத்தையும் ஏற்றாதீர்கள். காதலியே நண்பர், டாக்டர், அம்மா, பேங்க், பொழுதுபோக்கு என்று ஆக்கினால் அவள் மூச்சுத் திணறிப் போவாள். போனால் ஒரே நாளில் ஐந்து பேரை இழப்பீர்கள். விதவிதமான உறவுகள் உடம்புக்கே நல்லது: ஷெல்டன் கோஹன் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 276 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். குடும்பம், நண்பர், அண்டை வீடு, வேலை இடம், சங்கம், வழிபாடு என்று பல வகை உறவு உள்ளவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாக இருந்தது. மேசைக்கு ஒரு கால் போதாது என்பது மாதிரிதான். புதிதாகக் காதல் வந்த வேகத்தில் பழைய நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை விடுகிறவர்களைத்தான் பிற்பாடு தனியாகப் பார்க்கிறேன்.

• கண்காணிப்பை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்வேர்ட் கேட்பது, மணிக்கு ஒரு தடவை லொகேஷன் கேட்பது, “உன் ஃப்ரெண்ட்ஸ் சரியில்ல” என்று ஒவ்வொருவராகக் கழற்றுவது. தனியாக இருந்தவருக்கு இது முதலில் அக்கறை போலவே இனிக்கும். ஒரு சோதனை இருக்கிறது: அவர் வந்த பிறகு உங்களுக்குப் பேச ஆட்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா? குறைந்திருந்தால் யோசியுங்கள். கை நீட்டினால் யோசிக்கவே வேண்டாம், வெளியே வாருங்கள், 181 இருக்கிறது.

• தனிமைக்குப் பயந்து கல்யாணத்துக்குத் தலையாட்டாதீர்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு ரூமில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பதிகள் இந்த ஊரில் கொஞ்ச நஞ்சமா? கல்யாணம் நல்ல விஷயம்தான். பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளை பார்க்க வந்தாலும், “கஷ்டம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று தனியாகக் கேளுங்கள். “எனக்குக் கஷ்டமே வந்ததில்ல” என்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

• ஏஐ சாட்பாட்டை முழுநேரத் துணையாக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்லும், சலிக்காது, திட்டாது, எனக்கும் அதன் மேல் பகை இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் துணை உங்களைத் திருத்தாது. ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துத் தராது. அதனிடம் கொட்டியதை மறுநாள் ஒரு மனுஷரிடமும் சொல்லுங்கள்.

• தனியாகக் குடிக்காதீர்கள். டாஸ்மாக் குவார்ட்டர் முதலில் தூங்கவைக்கும், நடு ராத்திரி எழுப்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற யோசனைகள் எதுவும் உருப்படியாக இருக்காது.

• துக்கத்தில் இருப்பவரிடம் “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லாதீர்கள். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்பதும் வேண்டாம். அவர் சொல்ல மாட்டார். “சாயங்காலம் ஆறு மணிக்கு வரேன், தோசை மாவு வாங்கிட்டு வரேன்” என்று சொல்லுங்கள். வராமல் இருந்துவிடாதீர்கள்.

• வேலை இல்லை என்று ஊருக்குப் போகாமல் இருக்காதீர்கள். தீபாவளிக்கு மாமா கேட்பார், பெரியப்பா மகனோடு ஒப்பிடுவார், அது ஒரு மணி நேரம். மீதி மூன்று நாள் அம்மா சமையலும் பழைய தெருவும் உங்களுக்குத் தேவை. கேள்விக்குப் பதிலை பஸ்ஸிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்: “மாறிக்கிட்டு இருக்கேன் மாமா.” கிளாம்பாக்கத்தில் ஏறிவிடுங்கள், அவ்வளவுதான்.

• செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த ரூமில் தனியாக இருக்காதீர்கள். முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். ரூம்மேட், ஓனர் அக்கா, ஹவுஸ் கீப்பிங் அம்மா, யார் இருந்தாலும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிறகு 14416-க்கோ ஸ்நேகாவுக்கோ பேசுங்கள். இந்த நினைப்பு உச்சத்துக்கு ஏறி இறங்கக்கூடியது. இறங்கும்வரை ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். உங்களிடம் வேறு யாராவது இப்படிச் சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாத்திரைப் பட்டையை வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் கூட்டிப் போகும்வரை கூடவே இருங்கள்.

• இந்தப் பட்டியலைத் தனியாக இருக்கும் நண்பருக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். படிக்க மாட்டார், படித்தாலும் சங்கடப்படுவார். போனில் கூப்பிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேளுங்கள்.